கடைசிக் குடம்

கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாயே, நல்லாயிருப்பாய் அம்மா. இல்லையென்றால் இந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்க வேண்டும். காலியாக வந்து நின்ற பஸ்தான். முண்டியடிக்கிறவர்கள் ஏறிப் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். ஏறிப் பார்த்தால் எனக்கு இடமில்லை. ஜனங்கள் அப்படித்தான்.

கீழே வைக்கச் சொல்கிறாயா? வேண்டாம். கண்டக்டரும் அதைத்தான் சொன்னார், "சீட்டுக்கு அடியில தள்ளும்மா" என்று. மடியிலேயே இருக்கட்டும். காலிக் குடம்தான், கனமில்லை. பித்தளை. கழுத்துப் பக்கம் நெளிந்திருக்கிறது பார். என் அம்மாவுடையது.

அம்மா போய் இன்றைக்கு இருபது நாள். அய்யோ, நீ ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறாய்? எண்பத்தொரு வயது. நாலே நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாடகை வீட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு இப்போதுதான் என் வீட்டுக்குத் திரும்புகிறேன். வீட்டில் இருந்ததையெல்லாம் யார் யாருக்கு என்று அவளே முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். ஆட்டுக்கல் கோடி வீட்டுக்கு. கட்டில் ஜெயக்கொடிக்கு. தையல் மிஷின், புருஷன் விட்டுப்போன ஒரு பிள்ளைக்கு. எல்லாம் போன பிறகு மூலையில் இது மட்டும் நின்றது. "அம்மா, இது உனக்கு. அம்மாச்சி சொல்லியிருந்தா" என்றாள் என் மகள் வினோதினி. மிச்சம் என்று சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று அப்படிச் சொல்கிறாள். எனக்குத் தெரியாதா?

நீ காலேஜ் படிக்கிறாயா? முடித்துவிட்டாயா, சரி. உங்கள் வீட்டில் தண்ணீர் தினமும் வருமா? எங்கள் ஊரில் அப்போது எட்டு நாளைக்கு ஒரு முறை. உன் வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்று நினைப்பீர்கள். அறுபத்து மூன்று வீட்டுக்கு ஒரே தெருக்குழாய், இரண்டு மணி நேரத் தண்ணீர். எந்த மணிக்கு வரும் என்று திறந்துவிடுகிறவனுக்கே தெரியாது. அதனால் குடம் போய் வரிசையில் நிற்கும், ஆள் வீட்டில் வேலை பார்க்கும். எல்லாக் குடமும் ஒன்று போல இருக்கிறதே என்று ஆளாளுக்குப் பெயிண்டில் ஓர் அடையாளம் போட்டிருப்பார்கள். பச்சைக் கோடு தபால்காரர் வீடு. மூன்று புள்ளி சோடாக் கடைக்காரர் வீடு. குழாயடியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "மூணு புள்ளி, என்ன தூக்கமா? வந்து பிடி" என்பார்கள்.

எங்கள் குடத்தில் மட்டும் அடையாளம் கிடையாது. இதோ இதுதான், தடவிப் பார். சின்ன வயதில் கேட்டேன், நம்ம குடத்துக்கு ஒரு பூப் போடலாமா என்று. "கடைசியில நிக்கிற குடத்துக்கு எதுக்குட்டி அடையாளம்?" என்றாள்.

ஏன் கடைசி என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

குழாயடியில் முன்பெல்லாம் நாளுக்கு ஒரு சண்டை. ஒருத்தி குடத்தை ஒருத்தி சாக்கடையில் எறிவாள். ஒரு தடவை மண்டை உடைந்து போலீஸ் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு என் அம்மா போய் நடுவில் நின்றாள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. பஞ்சாலையில் வேலை பார்த்தவர், எனக்கு ஒன்பது வயதில் போய்விட்டார். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. படிப்பு கிடையாது. ஆனால் சீனியம்மாள் சொன்னால் தெரு கேட்டது. என்ன காரணமோ. அவள் மூன்று சட்டம் போட்டாள். வீட்டுக்கு ஆறு குடம். பிரசவ வீடும் சாவு வீடும் முதலில். வரிசை பார்க்கிறவள் வீடு கடைசி.

இந்த மூன்றாவது சட்டத்தை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகவே போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டது அவள், தூக்கியது நான். தண்ணீர் வருகிற நாளில் எங்கள் ஆறு குடம் நிறைவதற்குள் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் முடிந்துவிடும். கணக்கு வாத்தியார் நான் உள்ளே நுழைகிறபோது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "தங்கபுஷ்பம் வந்தாச்சா? அப்போ நான் கிளம்புற நேரம்தான்" என்பார். வகுப்பே சிரிக்கும். கணக்கில் நான் தோற்றதற்கு வேறு காரணம் கிடையாது.

தண்ணீர் மட்டுமா? திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள். அவளுக்கு எழுதத் தெரியாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் எழுத வேண்டும். தெருவிளக்கு வேண்டி. சாக்கடைக்கு மூடி வேண்டி. யாரோ ஒருத்திக்கு விதவைப் பணம் வேண்டி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், யார் எழுதியது என்று அங்கே இருந்த கிளார்க்கே கேட்டாராம். ஒரு நாள் சொன்னேன், "எனக்கு ஒரு செருப்பு வேணும்னு மனு எழுதினா யாருட்டம்மா குடுக்கணும்?" என்று. வேடிக்கைக்குத்தான். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துச் செருப்பு வந்தது. அது வேறு விஷயம்.

யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் சீனியக்கா. யார் வீட்டில் யார் செத்தாலும் சீனியக்கா. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் சீனியக்கா. எங்கள் வீட்டுக் கதவை நான் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்ததே இல்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவாள். அந்தத் தட்டை எத்தனை நாள் மூடி வைத்திருக்கிறேன்.

சரி, அதெல்லாம் விடு. பிள்ளைப் பருவம், போய்விட்டது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கோடைகாலம். வினோதினி பிறந்த கோடை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். ஊரில் அந்த வருஷம் மழையே இல்லை. எட்டு நாள் பத்தாகி, பத்து பன்னிரண்டானது. பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள். நீயே கணக்குப் போடு, பச்சைப்பிள்ளைத் துணி ஒரு நாளைக்கு எத்தனை விழும்? ஆனால் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஏன் தெரியுமா? சட்டம் இருக்கிறதே. பிரசவ வீடு முதலில். பதினைந்து வருஷம் கடைசியில் நின்றதற்கு இந்த ஒரு தடவை எங்கள் குடம் முதலில் நிற்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தண்ணீர் என்று பேச்சு வந்தது. சாயங்காலம் குடங்களை அடுக்கினார்கள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் மனைவிதான் ஆரம்பித்தார். "சீனியக்கா, இந்தத் தடவை உங்க குடத்தை முன்னால கொண்டாங்க. பிரசவ வீடு. நீங்க போட்ட சட்டம்தான?"

ஆமாம் ஆமாம் என்று இன்னும் நாலைந்து பேர் சொன்னார்கள். நான் அம்மா முகத்தையே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீருக்காகப் பார்க்கவில்லை.

அவள் வரிசையின் கோடிக்குப் போனாள். அங்கே மஞ்சள் வளையம் போட்ட குடங்கள் நின்றன. ஜெயக்கொடி என்று ஒருத்தி, எங்கிருந்தோ ஒரு பையனோடு ஓடிவந்து எங்கள் தெருவில் குடியேறினவள். அவளுக்கும் அதே வாரம்தான் பிள்ளை பிறந்திருந்தது. அம்மா அந்த ஆறு குடத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து குழாய்க்கு நேர் கீழே வைத்தாள்.

"பிரசவ வீடு இங்க ஒண்ணு இருக்கு" என்றாள்.

"ரெண்டு வீடும் முன்னால நிக்கட்டுமே, யாரு வேண்டாம்னா?" தபால்காரர் மனைவி விடவில்லை.

"வரிசை பாக்குறவ குடம் ஒரு நாள் முன்னால நின்னா, மறுநாள் ஆளுக்கொரு காரணத்தோட வருவீங்க. என்னால பதில் சொல்ல முடியாது தாயி."

உள்ளே வந்ததும் கேட்டேன். "அவ யாரு உனக்கு? நீ பெத்தவளா?"

"அவளுக்குத் தாய் வீடுன்னு ஒண்ணு இல்ல புஷ்பம். உனக்கு நான் இருக்கேன்ல" என்றாள்.

இருந்தாள். எப்படி இருந்தாள் என்று கேள்.

மறுநாள் காலையில் ஏழு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஐம்பத்தெட்டாவது வீட்டுக் குடம் பாதி நிறைகிறபோது குழாய் இரண்டு தடவை இருமியது. காற்றுதான் வந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. மிச்சம் நின்றது ஐந்து வீடும் நாங்களும். அம்மா வீடு வீடாகப் போய் நின்று, அந்த ஐந்து வீட்டுக்கும் அரைக் குடம், கால் குடம் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தாள். எங்களுக்கு வாங்கவில்லை. கேட்கிற வாய் அவளுக்கு ஊருக்கு மட்டும்தான் இருந்தது. யாராவது தானாகக் கொண்டுவந்து கொடுத்தார்களா என்று கேட்காதே. அவரவர் கதவு அவரவருக்கு.

வீட்டில் பானை அடியில் ஒரு சொம்பு அளவு கலங்கல் கிடந்தது. துணியெல்லாம் பழைய தண்ணீரில் ஊறிக் கிடந்தது. "செத்த நேரத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, இந்தக் குடத்தையும் ஒரு பிளாஸ்டிக் குடத்தையும் எடுத்துக்கொண்டு அம்மா வெளியே போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவளோடு பேச்சே இல்லை அப்போது.

அன்றைக்குப் பார்த்து என் மாமியார் வந்து இறங்கினார். பேத்திக்குச் சட்டையும் வளையலும் கொண்டுவந்திருந்தார். வெயிலில் நடந்துவந்த மனுஷி உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். பானையைச் சரித்துச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி உள்ளே பார்த்தார். குடிக்கவில்லை. சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

"ஊருக்குத் தண்ணி பங்கு வைக்கிற வீடுன்னாங்க" என்றார். "உங்கம்மா எங்க?"

"வெளிய போயிருக்கா அத்தை."

"பச்ச உடம்புக்காரியையும் பிள்ளையையும் இந்த நாத்தத்துல போட்டுட்டு வெளிய. சரி. துணிமணியை எடு."

"அம்மா வந்துரட்டும்..."

"எந்த வீட்டுப் பஞ்சாயத்து முடிஞ்சு எப்ப வருவாளோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு. எந்திரி."

இருபத்திரண்டு நாள் பிள்ளையோடு யாராவது பஸ் ஏறுவார்களா? நான் ஏறினேன்.

இதோ, இந்த வேகத்தடை தாண்டியதும் ஒரு வளைவு வரும் பார். வந்துவிட்டது. அந்தப் பெட்ரோல் பங்க் தெரிகிறதா? அப்போது அது ஒரு தோட்டம். இறவைக் கிணறு இருந்தது. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். அந்த இடத்தில் வைத்துத்தான் பார்த்தேன். இதே மாதிரி ஜன்னல் ஓரம் நீ உட்கார்ந்திருக்கிற பக்கம்தான் இருந்தேன். ரோட்டோரமாக அம்மா வந்துகொண்டிருந்தாள். தலையில் சும்மாடு வைத்து இந்தக் குடம். இடுப்பில் பிளாஸ்டிக் குடம். காலில் செருப்பில்லை. பதினொன்றரை மணி வெயில். தார் உருகிப் போய்க் கிடந்தது.

கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. பஸ் போன வேகத்தில் அவளுக்குப் புழுதி அடித்தது. குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸை அவள் பார்க்கவில்லை. தண்ணீர் சிந்துகிறதா என்றுதான் பார்த்தாள்.

நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. உன் முகத்தில் எழுதியிருக்கிறது. அந்தத் தண்ணீர் எனக்காகத்தானே என்கிறாய். என் மகளும் அதையேதான் சொல்வாள். தெருவில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா வீட்டுக்குள் வந்து தொட்டிலைப் பார்த்துவிட்டு, குடத்தை இறக்காமலே வெகு நேரம் நின்றாளாம். பிறகு அந்தத் தண்ணீரைக் கோடி வீட்டில் கொண்டுபோய் ஊற்றினாளாம். கால் கொப்புளித்துப் பத்து நாள் நொண்டினாளாம். இருக்கட்டும். எத்தனை வீட்டுக்கு அவள் அப்படித் தூக்கியிருக்கிறாள் தெரியுமா? அன்றைக்கு மட்டும் எனக்கு என்று எப்படி நம்புவது? குடத்தில் பெயரா எழுதியிருந்தது?

அதற்குப் பிறகு தாய் வீடு எனக்கு இல்லாமல் போனது. போகக்கூடாது என்று மாமியார் சொன்னது ஏழு வருஷம். அவர் காலமான பிறகு போகாதது என் இஷ்டம். அம்மா வருத்தப்பட்டுக் கூப்பிட வருவாள் என்று பார்த்தேன். வந்தாள். வராமலில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு வருவாள். பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவாள். என்னிடம் "நல்லாயிருக்கியா?" என்பாள். இருக்கிறேன் என்பேன். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். "ராத்திரி தங்கிட்டுப் போயேன்" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னேன். "நாளைக்குத் தண்ணி முறை, வரிசையை யாரு பாப்பா?" என்றாள். அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. முப்பது வருஷம்.

வினோதினி அந்த ஊரில்தான் காலேஜ் படிப்பேன் என்று அடம்பிடித்தாள். மூன்று வருஷம் அம்மாச்சியோடு இருந்தாள். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு வேலையும் தேடிக்கொண்டாள். இப்போது திங்கட்கிழமை மனு எழுதுவது அவள். வீட்டுக்கு வீடு குழாய் வர வேண்டும் என்று இரண்டு பேருமாக அலைந்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வாங்கியும் விட்டார்கள். அறுபத்து மூன்று வீட்டிலும் குழாய். எங்கள் வீட்டுக்கு எப்போது போட்டார்கள் என்று நினைக்கிறாய்? சரியாகச் சொல்லிவிட்டாயே. அறுபத்து மூன்றாவது. எல்லா வீட்டுக்கும் போய்க் கடைசியில் வந்து சேருகிற தண்ணீர் நூல் மாதிரி விழும். ஒரு சொம்பு நிறையக் கால் மணி நேரம். பெற்றவள் நான், ஆனால் என் மகள் அவளுடைய ஆள். போனில் பேசினால் நாலு வார்த்தைக்கு மூன்று வார்த்தை அம்மாச்சி.

அந்தப் புதன்கிழமையும் அம்மாச்சிதான். "ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம்மா, உடனே வா" என்றாள். சனிக்கிழமை வருகிறேன் என்றேன். எனக்கும் வீடு வாசல் இருக்கிறது இல்லையா? சனிக்கிழமை விடியற்காலையிலேயே போய்விட்டாள். யார் யாருக்காகவோ எத்தனையோ வாசலில் நாள் கணக்கில் நின்றவள். எனக்காக ஒரு காலை நேரம் பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

நான் போய் இறங்கியபோது தெரு முழுக்க ஜனம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவரைக் குளிப்பாட்டச் சொந்தபந்தங்கள் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்கள். நீர்மாலை என்போம். பிள்ளைகள்தான் முதலில் ஊற்ற வேண்டும். அவளுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் அன்றைக்குத் தெருவே குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. யாரும் தொடாமல் கிடந்த அந்தப் பழைய தெருக்குழாயைத் திறந்து, பிடித்து, அங்கிருந்து எங்கள் வாசல் வரைக்கும் வரிசையாக வைத்திருந்தார்கள். பச்சைக் கோடு. மூன்று புள்ளி. மஞ்சள் வளையம். பெயிண்ட் உரிந்துபோன குடங்களை எந்தப் பரணிலிருந்து எடுத்தார்களோ.

வினோதினி இந்தப் பித்தளைக் குடத்தை நிறைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருந்தாள். "வாம்மா. உன் குடம் முதல்ல" என்றாள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அவ்வளவு ஜனமும் என்னைப் பார்த்தது. "வேண்டாம். கடைசியில வை" என்றேன்.

"சாவு வீடு முதல்லம்மா. அம்மாச்சி சட்டம்."

"வரிசை பாக்குறவ வீடு கடைசி. அதுவும் அம்மாச்சி சட்டம்தான்."

"அம்மா, இன்னைக்குமா?"

"பச்சப்பிள்ளைக்கு இல்லாத சட்டம் பொணத்துக்கு எதுக்கு? கடைசியில வை."

அந்தப் பச்சைப்பிள்ளை அவள்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கோடியில் வைத்துவிட்டு வந்தாள். ஜெயக்கொடிதான் முதல் சொம்பு ஊற்றினாள். "அம்மா, அம்மா" என்று அவள் கதறியதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பெற்ற மகள் நான், பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறேன். தெரியாதவர்கள் பார்த்தால் யார் மகள் என்று நினைப்பார்கள்?

ஒவ்வொரு வீடாக வந்து ஊற்றினார்கள். நான் நின்றேன். சின்ன வயதில் நின்ற மாதிரியே. நாற்பது வீடு தாண்டியிருக்கும். தபால்காரர் மனைவி, அவருக்கும் எழுபத்தைந்து வயதாகிவிட்டது, அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போதும். ஆஸ்பத்திரியில ஊசி குத்திக் குத்தி ஏற்கெனவே ஊறிப்போன உடம்பு. இதுக்கு மேல தாங்காது. வண்டியும் வந்துருச்சு. துடைச்சுச் சேலையைக் கட்டுங்க."

துடைத்தார்கள். சேலை கட்டினார்கள். பூ வைத்தார்கள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே இருந்தேன். "இந்தத் தடவையும் நம்ம வீடு வரைக்கும் வரல, பாத்தியா?" என்றேன் வினோதினியிடம். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "உனக்கு முதல்ல வச்சிருந்தேம்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இப்போதும் என் மேல்தான் தப்பு என்கிற மாதிரி. செத்தும் அவள் என்னைக் கடைசியில் நிறுத்தினாள், அது ஒருத்தர் கண்ணுக்கும் படவில்லை.

அந்தத் தண்ணீரை என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? கீழே ஊற்ற மனசு வரவில்லை. தெருமுனையில் கொட்டு அடிக்கிறவர்கள் ஐந்து பேர், காலையிலிருந்து வெயிலில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அழுகிறதற்கு அறுபது வீடு இருந்தது. அவர்களுக்குத் தாகமாயிருக்குமே என்று நினைக்க ஒரு வீடும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. குடத்தைக் கொண்டுபோய் ஆளுக்கு இரண்டு சொம்பு, மூன்று சொம்பு என்று ஊற்றிக் கொடுத்தேன். முகம் கழுவினார்கள், குடித்தார்கள். நாலு பேருக்குச் சரியாக இருந்தது. கடைசியில் சங்கு ஊதுகிற வயசாளி ஒருவர். அவருக்குச் சரித்தால் குடத்தில் ஒன்றுமில்லை. "இருக்கட்டும் தாயி, பரவால்ல" என்றார். எப்படிப் பரவாயில்லை? ஊதி ஊதி உதடு வெடித்துப்போயிருந்தது அந்த மனுஷனுக்கு.

"இந்தா வந்துட்டேன், போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். கொல்லைப்பக்கக் குழாயில் குடத்தை வைத்தேன். நூல் மாதிரி விழுகிறது. விழட்டும் என்று நின்றேன். ஒரு சொம்பாவது சேரட்டும் என்று நின்றேன். வாசலில் கொட்டுச் சத்தம் கேட்டது. சங்குச் சத்தமும் கேட்டது. அந்த உதட்டோடு ஊதுகிறாரே என்று நினைத்தேன். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தெரு வெறுமையாக இருந்தது. வண்டி முக்குத் திரும்பிவிட்டது. பெண்கள் அதற்கு மேல் போகிற வழக்கமில்லை. அவள் முகத்தைக் கூட நான் சரியாகப் பார்க்கவில்லை அம்மா.

அஞ்சு நிமிஷம். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "வண்டியை நிறுத்துங்க, மக இன்னும் வரல" என்று சொல்லியிருந்தால் நின்றிருக்குமா நின்றிருக்காதா? யாருக்கும் தோன்றவில்லை. மகள் எங்கே, எதற்காக உள்ளே போயிருக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் என்ன எனக்காகவா தண்ணீர் பிடிக்கப் போனேன்?

அழவில்லை. ஜன்னல் காற்று. கண்ணில் தூசி.

உன்னிடம் ஏன் இதெல்லாம் சொன்னேன் என்று தெரியவில்லை. நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தாய், அதனால் இருக்கும். வினோதினி கூட இவ்வளவு நேரம் கேட்க மாட்டாள். கிளம்பும்போது "அடுத்த மாசமும் வாம்மா" என்றாள். வீட்டைத்தான் காலி செய்தாயிற்றே, எங்கே வருவது என்றேன். நான் இருக்கேன்ல என்றாள்.

ஊர் வந்துவிட்டது. இதுதான் கடைசி ஸ்டாப், எல்லாரும் இங்கேதான் இறங்க வேண்டும். நீ எழுந்திரு. உன் பையை மறந்துவிடாதே. எனக்காக நிற்க வேண்டாம் அம்மா, போ. அந்தப் பிள்ளைக்காரி இறங்கட்டும், பாவம், தோளில் தூங்குகிறது. பின்னால் அந்தத் தாத்தாவும் எழுந்துவிட்டார், அவருக்கு வழி விடு. குடத்தோடு நடுவில் நின்றால் எல்லாருக்கும் இடைஞ்சல். எல்லாரும் இறங்கட்டும், நான் கடைசியாக இறங்கிக்கொள்கிறேன்.

அம்மாவிடமிருந்து வந்தது என்று நினைத்துவிடாதே. இது என் பழக்கம்.